மூங்கில் கொத்துக்குப் பின்னால்

எங்கள் படுகை நிலத்தில் ஒன்பது கஞ்சாச் செடிகள் நின்றன. 2022 பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவற்றைப் பார்த்தவள் நான். தகவல் சொன்னவளும் நான்தான். வந்தார்கள், பிடுங்கினார்கள், எண்ணினார்கள், எடை போட்டார்கள், மகஜர் எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அதோடு உன் கடமை முடிந்தது என்று தம்பி சொல்கிறான், வீட்டுக்காரர் சொல்கிறார், விஷயம் தெரிந்த வக்கீல் ஒருவரும் சொன்னார். எனக்கு முடியவில்லை. அன்றைக்கு அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். நான் ஒரே சொல்லில் பதில் சொன்னேன். அந்தச் சொல் சரியா தப்பா என்று இன்னும் பிடிபடாமல் கிடந்து உழல்கிறேன். எழுதினால் கொஞ்சம் தெளியுமோ என்றுதான் எழுதுகிறேன்.

திருப்பனந்தாளுக்கும் அணைக்கரைக்கும் நடுவில், கொள்ளிடத்தின் தென்கரையில் எங்களுக்கு 1 ஏக்கர் 20 சென்ட் படுகை உண்டு. நஞ்சை எல்லாம் கரைக்கு இந்தப் பக்கம், ஊரோடு. இது மட்டும் கரைக்கு அந்தப் பக்கம், ஆற்றோடு. அப்பா இருந்தவரை எங்கள் வீட்டுக்குக் காய்கறி வெளியில் வாங்கியதில்லை. கத்தரி, புடலை, கொத்தவரை, ஓரமாகப் பூவன் வாழை. பெருவெள்ளம் வந்தால் அத்தனையும் போய்விடும். போகும்போது ஒரு சாண் வண்டலைப் போட்டுவிட்டுப் போகும். "எடுத்துக்கிட்டதுக்கு வாடகை குடுத்துட்டுப் போவுது பாரு" என்பார் அப்பா. அவரோடு சேர்ந்து அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர். 19 வருஷம் குத்தகை. 2016இல் அப்பா போன பிறகும் அவர் விடவில்லை. நடுவில் காய்கறியை விட்டுக் கரும்புக்கு மாறினார். வெட்டி அனுப்பிய கரும்புக்கு ஆலையிலிருந்து பணம் வருவதற்குள் அடுத்த கரும்பும் வளர்ந்து நின்றது. பிறகு அவருக்கு இடுப்பு விழுந்தது. 2019இல் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து, "இனிமே என்னால ஆவாது தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, வருத்தத்தோடு மண்வெட்டியை அங்கேயே சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த மண்ணில் யாரும் கால் வைக்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் கும்பகோணத்தில் பள்ளிக்கூட வாத்தியார். தம்பி சென்னையில். வருஷத்துக்கு ஒரு முறை தீர்வை கட்டுவதோடு எங்கள் உறவு முடிந்தது.

தம்பிக்கும் எனக்கும் பட்டாவை உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தது. திங்கட்கிழமை சர்வேயர் வருவதாக இருந்தார். எல்லைக் கல் எங்கே கிடக்கிறது என்று பார்த்து வைக்கலாம் என்று, பக்கத்து நிலத்துக்கார மாமாவைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு காலை போனேன். கரையிலிருந்து இறங்கினதுமே மலைத்துவிட்டேன். ஆள் உயரத்துக்கு நாணல். ஈரம் இருந்த இடமெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கு. அப்பா போட்ட வரப்பு எது என்றே தெரியவில்லை. மாமா அரிவாளால் வீசி வழி செய்துகொண்டே முன்னால் போனார். "கையத் தூக்கிக்கிட்டு வா ஆயி, நாணல் அறுத்துடும்" என்று திரும்பித் திரும்பிச் சொன்னார்.

மூங்கில் கொத்தைச் சுற்றிக்கொண்டு போனபோது நாணல் சட்டென்று நின்றது. உள்ளே நாலு பாய் விரிக்கிற இடம் சுத்தமாகக் கொத்தி வைத்திருந்தது. அதில் இடுப்பளவு பச்சை. முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. யாரோ கீரை போட்டிருக்கிறார்களே, நிலம் சும்மா கிடக்காமல் இருந்திருக்கிறதே என்று. "புளிச்சகீர மாதிரி இருக்கே மாமா?" என்றேன். அப்படித் தோன்றினதில் தப்பில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். புளிச்சகீரை இனத்தில் ஒன்றுக்குத் தாவரவியலில் வைத்திருக்கும் பெயரே ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ். கஞ்சா இலையைப் போல விரல் விரலாகப் பிரிந்த இலை என்பதால் வந்த பெயர். மாமா ஒன்றும் சொல்லாமல் ஒரு இலையைக் கசக்கி என் மூக்குக்கு நேராக நீட்டினார். பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சுவர் ஓரம் சில சாயங்காலங்களில் அடித்த வாடை. எனக்குக் கால் சில்லிட்டுப்போயிற்று.

ஓட்டுச் சில்லு

அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மாமா சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "புடுங்கி ஆத்துல போட்டுட்டுப் போயிடுவோம் ஆயி. யாருக்குத் தெரியப்போவுது." அவர் பயந்துதான் சொன்னார், எனக்காகப் பயந்து. எனக்கும் அதுதான் தோன்றியது. ஒன்பது செடி. ரெண்டு பேர் கை வைத்தால் அஞ்சு நிமிஷம். குனிந்து முதல் செடியின் தண்டைப் பிடிக்கவும் செய்தேன்.

அப்போதுதான் பாத்தியைப் பார்த்தேன். ஒவ்வொரு செடிக்கும் தனித்தனியாக வட்டப் பாத்தி கட்டியிருந்தது. கரை கையால் தட்டித் தட்டி, ஓரத்தைப் பெருவிரலால் அழுத்தி, அடைக்கு விளிம்பு ஒட்டினது போல இருந்தது. களை என்று ஒரு புல் இல்லை. ஒவ்வொரு பாத்திக்குள்ளும் ஒரு பக்கமாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டுச் சில்லு, வளைவு மேல் பார்க்கப் பதித்திருந்தது. பழைய நாட்டு ஓடு. குடத்துத் தண்ணீரை அந்தச் சில்லின் மேல் ஊற்ற வேண்டும். அப்போதுதான் மண் அரிக்காமல், வேர் வெளியில் தெரியாமல், தண்ணீர் வழிந்து பரவும். எங்கள் ஊரில் எல்லாரும் இப்படிச் செய்வதில்லை. நேராக ஊற்றுவார்கள், இல்லையென்றால் வைக்கோல் போடுவார்கள். சில்லு வைப்பது அப்பாவின் பழக்கம். கத்தரி நாற்று பிடிக்கும்வரை வைத்திருந்து பிறகு எடுத்து அடுத்த பாத்திக்குக் கொண்டுபோவார். அவரிடமிருந்து குத்தகைக்கார அண்ணன் கற்றுக்கொண்டார். அண்ணனுக்குப் பின்னால் சின்ன வயதில் சில்லுகளைக் கூடையில் சுமந்துகொண்டு நடந்த ஒரு பையனையும் எனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பல் விழுந்த வாயோடு, "அத்தை, இதுல ஒம்போது இருக்கு" என்று எண்ணிக் காட்டுவான்.

தண்டை விட்டுவிட்டேன். என் கை நடுங்கியது பயத்தினால் இல்லை. ஊரில் வயலுக்குள் இறங்க ஒரு பையன் கிடையாது. நடவுக்கு வடநாட்டு ஆட்கள் வருகிறார்கள், அறுப்புக்கு மிஷின் வருகிறது. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த கை எங்கள் தெருவில் நாற்பது வயதுக்குக் கீழே இல்லை என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறேன். இதோ ஒரு கை இருக்கிறது. அப்பாவின் கைப்பக்குவம் அப்படியே இறங்கி வந்த கை. அது வந்து சேர்ந்த இடம் இது. மாமாவும் சில்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரெண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, இன்றுவரை.

பிடுங்கிப் போட்டிருந்தால்? செடி போயிருக்கும். வேறு எங்காவது வேறு ஒன்பது முளைத்திருக்கும். "யாருக்குத் தெரியப்போவுது" என்பதுதானே நட்டவனும் நினைத்தது. அதையே நானும் நினைத்துவிட்டுப் போனால் அந்த மறைவில் எனக்கும் பங்கு உண்டு. இது அப்போது இவ்வளவு தெளிவாகத் தோன்றியது என்று சொன்னால் பொய். அப்போது தோன்றியது என் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவனின் முகம். நல்லாக் கணக்குப் போடுவான். அவன் ஜாமெட்ரி பாக்ஸில் ஒரு நாள் பொட்டலம் இருந்தது. அதற்குப் பிறகு அவன் பெஞ்சில் தலை சாய்த்துக் கிடந்ததும், கேள்வி கேட்டால் எங்கிருந்தோ திரும்பி வருகிறவன் போலப் பார்த்ததும், அரைப் பரீட்சைக்கு வராமல் நின்றுவிட்டதும். கரைக்கு ஏறி வந்து வி.ஏ.ஓ.வுக்குப் போன் போட்டேன்.

"உங்க நிலம்தானே?"

காவல் நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தகவல் சொன்னவள் என்கிற மரியாதை முதல் அரை மணி நேரம் இருந்தது. பிறகு கேள்விகள் வேறு மாதிரி ஆயின. உங்க நிலம்தானே? யார் பேரில் பட்டா? கடைசியாக எப்ப போனீங்க? ஏன் போகல? மூணு வருஷமா உங்க நிலத்தை நீங்க பாக்கவே இல்லைன்னா நம்பச் சொல்றீங்களா? அவர்கள் மேல் எனக்கு அன்று கோபம் வந்தது உண்மை. இப்போது இல்லை. மாநிலம் முழுக்க 'கஞ்சா வேட்டை 2.0' நடந்துகொண்டிருந்த நேரம். மேலே இருந்து நெருக்கடி. அதோடு, கடைசிக் கேள்வி நியாயமான கேள்விதான். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு நல்ல காரணம் ஒன்றும் இல்லை.

சட்டத்தை நான் படித்தது அப்புறம்தான். 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். அதில் 46ஆம் பிரிவு என்னைப் போன்றவர்களுக்கென்றே எழுதினது போல இருக்கிறது: தன் நிலத்தில் கஞ்சாச் செடி சட்டவிரோதமாகப் பயிராகியிருந்தால் நிலத்துக்காரர் உடனே தகவல் சொல்லியாக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் விட்டால் அதுவே குற்றம். கிராம அதிகாரிகளுக்கும் அதே கடமையை அடுத்த பிரிவு வைக்கிறது. தெரிந்தே இடம் கொடுத்தவர்களுக்கு 25ஆம் பிரிவு. ஆக, மாமா சொன்னபடி பிடுங்கி ஆற்றில் எறிந்திருந்தால் நான் நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டே சட்டத்தின் தப்பான பக்கத்தில் நின்றிருப்பேன். வெளியூரில் இருந்துகொண்டு ஊரில் நிலம் வைத்திருக்கும் என் போன்றவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? சொத்து வரி, பட்டா மாறுதல், சிட்டா, அடங்கல் எல்லாம் விசாரிக்கிறோம். நம் மண்ணில் என்ன முளைக்கிறது என்று பார்ப்பதும் நம் பொறுப்பு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு பிரிவு என் தூக்கத்தைக் கெடுத்தது. வைத்திருக்கிற கஞ்சாவுக்குச் சட்டத்தில் படிகள் உண்டு. 1 கிலோவுக்குக் கீழே சிறு அளவு, அதற்கு ஒரு வருஷம் வரை. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, அதற்குப் பத்திலிருந்து இருபது வருஷம். ஆனால் செடி வளர்ப்பதற்கு அந்தப் படிகள் கிடையாது. 20ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு செடியின் எண்ணிக்கையைக் கேட்பதில்லை. ஒன்றானாலும் ஓராயிரமானாலும் 10 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். எவ்வளவு கொடுப்பது என்பது நீதிபதியின் கையில். நம் பக்கம் மூட்டை மூட்டையாக வருவது விசாகப்பட்டினத்து மலைகளிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் படகில் ஏற்றி இலங்கைக்குக் கடத்தப் பார்த்துப் பிடிபடுவதை நாகப்பட்டினத்துக்காரர்கள் அடிக்கடி பேப்பரில் படிக்கிறார்கள். அந்த மூட்டைகளுக்கு முன்னால் இந்த ஒன்பது செடி ஒன்றுமே இல்லை. ஆனால் மூட்டைக்குச் சொந்தக்காரன் எங்கேயோ இருக்கிறான், நடுவில் பத்து கை இருக்கிறது. ஒன்பது செடிக்காரனுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு ஓட்டுச் சில்லுதான் இருந்தது.

செடி மேல் எனக்கு வெறுப்பு இல்லை. சித்த வைத்தியத்தில் அதற்கு இடம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் உரிமம் வாங்கிக் கடை வைத்து விற்றிருக்கிறார்கள். 1893இல் அதற்கென்றே ஒரு ஆணையம் போட்டு நாடு முழுக்க விசாரித்து, மிதமாக உபயோகிப்பதில் பெரிய கெடுதல் இல்லை, அடியோடு தடுக்க வேண்டியதில்லை என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் சொல்லி வாதாடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 1893இல் சாட்சி சொன்னவர்கள் பெரிய ஆட்கள். பதினாறு வயதுப் பையன் காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் நடுவில் கரைந்து போவதை வகுப்பில் நின்று பார்த்தவள் நான். அந்த வாதமும் இந்தப் பையனும் என் தலைக்குள் ஒரே வரியில் நிற்க மாட்டேன் என்கிறார்கள்.

கடைசியாகக் கேட்ட கேள்வி இதுதான்: "யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"இல்லை" என்றேன்.

மறைவிடம்

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் எப்படி யோசித்திருப்பான் என்று எத்தனையோ ராத்திரி நினைத்துப் பார்த்திருக்கிறேன். டெல்டாவில் ஒளிய இடம் ஏது? மலை இல்லை, காடு இல்லை. கம்பம், வருசநாடு என்றால் ஒரு பள்ளத்தாக்குக்குப் பின்னால் இன்னொரு பள்ளத்தாக்கு. இங்கே சம்பா அறுத்துப் போட்ட பிறகு வயலில் ஒருத்தர் குந்தி உட்கார்ந்தால் மூன்று ஊருக்குத் தெரியும். எங்கள் சின்ன வயதில் படுகையும் அப்படித்தான் இருந்தது. காலையில் மாடு ஓட்டிக்கொண்டு போகும் பையன்கள், பதினோரு மணிக்குப் புல் அறுக்கும் பெண்கள், அறுப்பு முடிந்ததும் வாத்து மேய்க்க வருகிறவர்கள், ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஆட்டை ஓட்டி வந்து கிடை போடும் கீதாரிகள், எலி பிடிக்கிறவர்கள், தூண்டில்காரர்கள். எந்தப் புதரில் எந்தக் கீரி குடியிருக்கிறது என்று இவர்களுக்குத் தெரியும்.

மதுவிலக்கு இருந்த காலத்தில் இந்தப் படுகையில்தான் சாராய ஊறல் பானைகளைப் புதைத்து வைப்பார்களாம். அப்பா சொன்ன கதை ஒன்று. ஆற்று மணலுக்குள் கழுத்துவரை புதைத்து, மேலே தழை போட்டு, எத்தனை ரெய்டு வந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு நாள் எங்கள் மயிலைக்காளை மேயப் போன இடத்தில் முன்னங்கால் தொப்பென்று பானைக்குள் இறங்கிவிட்டது. காலை எடுத்தால் பட்டை நாற்றம். காளையை வீட்டுக்கு ஓட்டி வருவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. போலீஸ் கண்ணுக்குத் தப்பினது மாட்டுக் காலுக்குத் தப்பவில்லை. கஷ்டம் என்னவென்றால் இன்றைக்கு அந்த மாடு இல்லை. எங்கள் தெருவில் நாற்பது வீட்டுக்கு மூன்று மாடு. அவையும் கொட்டிலில் கட்டித் தீவனம் தின்கிறவை. புல் அறுக்கிற பெண்கள் நூறு நாள் வேலைக்கும் கும்பகோணத்து ஜவுளிக் கடைகளுக்கும் போகிறார்கள். அவர்கள் போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. புல்லுக்கட்டு சுமந்து கழுத்து ஒடிந்த அம்மாக்களைப் பார்த்தவள்தான் நான். மணல் அள்ளி அள்ளி ஆறு பள்ளமானதில் படுகைக் கிணறுகளில் தண்ணீர் இறங்கிப்போனது, அதனால் பக்கத்து நிலங்களும் ஒவ்வொன்றாக நின்றன. அணைக்கரைப் பக்கம் முதலை இருக்கிறது என்பது பழைய விஷயம்தான். ஆனால் ஆள் நடமாட்டம் குறையக் குறைய முதலைப் பயம் கூடிக்கொண்டே போய், இப்போது ஆற்றோரம் தனியாக இறங்க யாருக்கும் துணிவில்லை. இப்படி ஒவ்வொரு காலடியாக நின்று நின்றுதான் மூங்கில் கொத்துக்குப் பின்னால் ஒரு மறைவு உண்டாயிற்று. நாணல் அதன் பிறகு வந்தது. அந்த மறைவைப் பயன்படுத்திக்கொண்டது அவன். அதை உண்டாக்கி வைத்ததில் தம்பிக்கும் எனக்கும் பாதிக்கு மேல் பங்கு.

அவனைப் பற்றி நான் அறிந்தது இவ்வளவுதான். டிப்ளமோ முடித்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். 2020 ஊரடங்கில் ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. கொஞ்ச நாள் கூரியர் பை சுமந்தான். அப்பாவுக்கு இடுப்புக்கு ஆபரேஷன் செய்யக் கடன். இதை ஒரு நியாயமாகச் சொல்லவில்லை. கடன் இல்லாத வீடு எங்கள் தெருவில் எது? அத்தனை பேரும் கஞ்சா போடவில்லை. அவன்தான் போட்டான் என்பதற்கும் என்னிடம் ஒரு ஓட்டுச் சில்லைத் தவிரச் சாட்சி இல்லை. சில்லைச் சாட்சியாக வைத்து ஒரு பையனின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டுமா? சந்தேகம் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள், நிரூபிக்கச் சொல்லவில்லை. சந்தேகம் எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னேன். செடியைக் காட்டிக்கொடுத்தேன், கையைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெயரைச் சொல்லியிருந்தால் அந்த அண்ணன், திண்ணையில் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுப் போனாரே அவர், கோர்ட் வாசலில் தடியை ஊன்றிக்கொண்டு நின்றிருப்பார். சொல்லாமல் விட்டதால் இன்னொரு பள்ளிக்கூடத்தில் இன்னொரு பையனின் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் அது போயிருந்தால்? ரெண்டையும் தராசில் வைத்துப் பார்க்கிறேன். முள் ஒரு பக்கம் நிற்பதில்லை.

ஆடிப்பெருக்கு கழிந்த இரண்டாம் நாள்

அந்த வருஷம் ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கன அடிக்குப் பக்கமாகத் திறந்துவிட்டார்கள். கொள்ளிடம் கரைக்குக் கரை ஓடியது. ஆற்றங்கரைக்குப் போகக்கூடாது என்று தண்டோரா போட்டும் ஊரே கரை மேல்தான் நின்றது. நானும் போனேன். எங்கள் படுகை இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர், அதில் மூங்கில் கொத்தின் தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவன் பைக்கை நிறுத்திவிட்டு அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் வந்ததைக் கவனித்துக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"வேலை எப்படிடா இருக்கு?" என்றேன்.

"திருப்பூருக்கே போறேன் அத்தை. ஆவணி பொறந்ததும்."

"அப்பா எப்படி இருக்காரு?"

"நடக்குறாரு. கொல்லை வரைக்கும்."

அப்புறம் ரெண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு முழு வாழை மரம் குலையோடு மிதந்து போயிற்று. கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவன்தான் பேசினான்.

"மூங்கிலுக்குப் பின்னால சுழிக்குது பாருங்க அத்தை. தண்ணி வடிஞ்சா அங்க ஒரு முழம் வண்டல் ஏறிக் கெடக்கும். தையில கத்திரி வச்சா கொம்பு ஒடியக் காய்க்கும்."

"நீ போடுறியா? குத்தகை ஒண்ணும் வேண்டாம்."

அவன் உடனே பதில் சொல்லவில்லை. பைக் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தான். "கெணத்துல தண்ணி இல்ல. ஆத்துலேர்ந்து கொடத்துலதான் சொமக்கணும். சொமந்து மாளாது அத்தை."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது போல இருந்தது. பார்வையை ஆற்றுக்குத் திருப்பிக்கொண்டான். அப்பாவுக்கு மாத்திரை வாங்கணும் என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான். போகும்போது "வரேன் அத்தை" என்றான். வழக்கமாகச் சொல்லிக்கொண்டு போகிறவன் இல்லை.

அந்தத் தை மாதம் நானும் மாமாவும் படுகைக்கு இறங்கினோம். கரையிலிருந்து மூங்கில் கொத்து வரைக்கும் நாணலை வெட்டி ஒற்றையடிப் பாதை போட்டோம். என் காலுக்கு 140 எட்டு. வாரத்துக்கு ஒரு நாள், சனி இல்லையென்றால் ஞாயிறு, போய் வருகிறேன். கூட இன்னும் நாலு பேர் நடந்தால் பாதை நிற்கும் என்று மாமா சொல்கிறார். பக்கத்து நிலத்துப் பேரன் ஒருவன் இப்போது ரெண்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு வருகிறான். வண்டல் அவன் சொன்னபடியே ஏறியிருந்தது, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. இருபது கத்தரி நாற்றுக்குக் குழி எடுக்கும்போது மண்வெட்டியில் கணீர் என்று தட்டியது. செடிகளைப் பிடுங்கிப் போனவர்கள் சில்லுகளை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மாமா பேசாமல் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நான் குடத்துத் தண்ணீரில் கழுவிக் கழுவிப் பாத்திக்குள் வைத்தேன். ஏழு கிடைத்தது. ரெண்டு இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது.